அப்பன் ரத்தமா? அடங்காத பிள்ளைகளைப் பற்றி உயிரியல் ஆய்வுகள் சொல்வது

கேள்வி கேட்டவர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியை. அவர் வகுப்பில் ஒரு பையன். நான்காம் வகுப்பு, ஒன்பது வயது. தினமும் யாரையாவது அடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறான், கூசாமல் பொய் சொல்கிறான். அப்பா குடித்துச் சீரழிந்து வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார், வளர்ப்பது பாட்டி. "அப்பன் ரத்தம், எங்க போகும்" என்பது பாட்டியின் தீர்ப்பு. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது தலைமை ஆசிரியரின் யோசனை. உறவுக்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் ஜீன் டெஸ்டும் மூளை ஸ்கேனும் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். "உண்மையிலேயே ரத்தத்திலும் மூளையிலும் காரணம் இருக்கிறதா? டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்கிறார் ஆசிரியை.

காரணத்தில் ஒரு பங்கு உடம்பில் இருக்கிறது, டீச்சர். ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் கிடையாது. ஜீன் டெஸ்ட், ஸ்கேன் இரண்டுக்கும் அந்த அம்மா ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். இவனுக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட்கள் வேறு. அவை மலையிலேயே இலவசமாகக் கிடைக்கும், பெரிய பெயர் எதுவும் அவற்றுக்கு இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்க, கடந்த நாற்பது ஐம்பது வருஷத்து ஆய்வுகளைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். நான் குன்னூரில் குழந்தைகள் மருத்துவர், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என் அறைக்கு வந்துகொண்டே இருப்பதால் இதைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

முதலில் பெயர்கள். மருத்துவப் புத்தகத்தில் இதை மூன்றாகப் பார்ப்பார்கள். எதிர்த்துப் பேசுவது, சட்டென்று கோபம், வேண்டுமென்றே சீண்டுவது, பழிவாங்குவது ஆகியவை ஆறு மாதமாவது நீடித்தால் ஓ.டி.டி. அடிதடி, மிருகங்களைத் துன்புறுத்துவது, திருட்டு, தீ வைப்பது, வீட்டை விட்டு ஓடுவது என்று அடுத்தவர் உரிமையில் கை வைக்கிற அளவுக்குப் போனால் கண்டக்ட் டிஸார்டர். அதற்கு 15 அறிகுறிகள் கொண்ட பட்டியலில் குறைந்தது மூன்று, ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது ஏ.டி.எச்.டி. ஒரு இடத்தில் உட்கார முடியாமை, கவனம் நிற்காமை, யோசிக்காமல் செய்துவிடுவது. மூன்றும் ஒரே பிள்ளையிடம் கலந்தும் இருக்கும். உங்கள் பையனுக்கு எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கண்டக்ட் டிஸார்டர் பத்து வயதுக்கு முன்பே தொடங்குவதையும் பதின்வயதில் தொடங்குவதையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். 1993இல் டெரி மோஃபிட் என்ற உளவியலாளர் வைத்த பிரிவு அது. பதின்வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடுபவர்களில் பெரும்பாலோர் வேலை, கல்யாணம் என்று வந்ததும் அடங்கிவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே தொடங்கியவர்களில் ஒரு பகுதிதான் கடைசிவரை தொடர்கிறது. மூளை, உடம்பு சார்ந்த காரணங்கள் அதிகம் தென்படுவதும் அவர்களிடம்தான். கவனியுங்கள், ஒரு பகுதிதான். அவர்களிலும் பலர் வளர வளரச் சரியாகிவிடுகிறார்கள்.

கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்பவர் குழந்தைகளைச் சிறுவயது முதல் தொடர்ந்து பார்த்து ஒன்று சொன்னார். மனிதன் வாழ்நாளில் அதிகம் அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான். அங்கன்வாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பேச்சு வளர்ந்து, மூளையின் முன்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கடிவாளம் போடப் பழகும்போது பெரும்பாலான பிள்ளைகள் அதை விட்டுவிடுகின்றன. ஆகவே அடிக்க எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்பதைவிட, மற்றவர்கள் விட்ட பிறகும் இவன் ஏன் விடவில்லை, எது தடுத்தது என்று கேட்பதுதான் சரி. உயிரியல் ஆய்வுகள் தேடுவதும் இந்தத் தடங்கல்களைத்தான்.

இப்போது பாட்டியின் கட்சிக்கு வருவோம்.

ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். பிள்ளைகளின் முரட்டு நடத்தையில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையோடு தொடர்புடையது என்று அவை சொல்கின்றன. பாட்டி இதைக் கேட்டால் "நான்தான் சொன்னேனே" என்பார். பாதி என்பது கூட்டத்துக்கான கணக்கு. இந்தப் பையனின் கோபத்தில் பாதி அப்பாவுடையது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒரு ஜீனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பனைக்கு வரும் டெஸ்ட்களில் பெருமையாகப் போடுவது இதைத்தான். எம்.ஏ.ஓ.ஏ. என்று பெயர். மூளையில் செரட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சிதைத்து அகற்றும் ஒரு நொதியைத் தயாரிக்கிற ஜீன். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு ஒரே பிரதிதான். 1993இல் ஹான் ப்ரன்னர் என்ற டச்சு மரபியலாளர் ஒரு குடும்பத்தை விவரித்தார். அந்தக் குடும்பத்து ஆண்கள் பலருக்கு இந்த ஜீன் அடியோடு வேலை செய்யவில்லை. அவர்களுக்கு லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடும் கட்டுக்கடங்காத ஆவேசமும் இருந்தன. பத்திரிகைகள் 'வன்முறை ஜீன்' என்று எழுதித் தள்ளின. அப்படி முழுதாக வேலை செய்யாத நிலை உலகத்திலேயே மிக அபூர்வம். சாதாரணமாகக் காணப்படுவது, கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிற வகை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. மூன்றில் ஒருவர் ரவுடியா என்ன?

2002இல் அவ்ஷலோம் காஸ்பியும் மோஃபிட்டும் நியூசிலாந்தின் டனீடன் நகரத்து ஆய்விலிருந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயதிலிருந்து விடாமல் பின்தொடரும் ஆய்வு அது. அதிலிருந்த ஆண்களில் 442 பேரைப் பார்த்தார்கள். மந்த வகை ஜீன் இருந்தும் நல்லபடியாக வளர்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. சிறுவயதில் அடி, துன்புறுத்தல், கைவிடப்படுதல் என்று அனுபவித்தவர்களில், இந்த ஜீனும் சேர்ந்திருந்தவர்களிடம்தான் வன்முறை தூக்கலாக இருந்தது. இரண்டும் சேர்ந்தவர்கள் அந்த ஆண்களில் 12 சதவீதம்தான், ஆனால் வன்முறைக் குற்றங்களுக்கான தண்டனைகளில் 44 சதவீதம் அவர்களுடையது. பிறகு வந்த சில ஆய்வுகளில் இதே முடிவு கிடைக்கவில்லை, சிலவற்றில் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2014 தொகுப்பாய்வு, ஆண் பிள்ளைகளைப் பொறுத்தவரை தொடர்பு உண்டு என்றே சொன்னது. ஆனால் ஒற்றை ஜீனைத் துரத்தும் காலம் போய்விட்டது. இப்போதைய மரபணுத் தேடல்களில் தெரிவது, துளித் துளியாகச் செல்வாக்குள்ள நூற்றுக்கணக்கான மாற்றங்கள். அதை வைத்து ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல எந்த நேர்மையான லேபும் துணியாது.

இந்த ஆய்வைப் பாட்டிக்குச் சொல்வதென்றால் நான் இப்படித்தான் சொல்வேன்: "அப்பன் ரத்தமே இருந்தாலும், அடிக்காமல் வளர்த்தால் அது பல்லைக் காட்டாது, பாட்டி."

தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு இதை இன்னும் நேரடியாகக் காட்டியது. 2016இல் வெளியானது, 561 குடும்பங்கள். பெற்ற தாய் கடுமையான நடத்தைப் பிரச்சினை உள்ளவர். பிள்ளை அவரிடம் வளரவே இல்லை, இருந்தும் இரக்கமின்மையின் சாயல் பிள்ளையிடம் கொஞ்சம் தெரிந்தது. ஆக ரத்தம் உண்மை. ஆனால் வளர்த்த தாய் பிள்ளை செய்யும் நல்லதைக் கவனித்து வாய்விட்டுப் பாராட்டுகிறவராக இருந்த வீடுகளில் அந்தச் சாயல் காணாமல் போயிருந்தது. ஒன்றரை வயதில் கிடைத்த பாராட்டு, இரண்டே கால் வயதில் அளந்த பலன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மொரீஷியஸ் தீவில் நடந்தது. நம் கரும்புத் தோட்டக் கூலிகளின் வம்சம் வாழும் ஊர், தமிழ்ப் பெயர்களும் காவடியும் உள்ள ஊர். 1969, 70இல் பிறந்த 1,795 குழந்தைகளை மூன்று வயதில் கூப்பிட்டு உட்காரவைத்து நாடித் துடிப்பு, தோலின் வியர்வை மாற்றம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஏட்ரியன் ரெயின் என்ற உளவியலாளர் பெயரோடு இன்று அந்த ஆய்வு பேசப்படுகிறது. மூன்று வயதில் ஓய்வு நேரத்து நாடித் துடிப்பு குறைவாக இருந்த பிள்ளைகள் பதினொரு வயதில் கொஞ்சம் அதிகமாக முரட்டுத்தனம் காட்டினார்கள். உலகம் முழுக்க வேறு பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள். ஒன்று, இவர்களுக்குப் பயம் குறைவு. எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சு படபடக்கும் இடத்தில் இவர்களுக்குப் படபடக்காது, அதனால் திட்டும் தண்டனையும் மனதில் பதிவதில்லை. இன்னொன்று, துடிப்பு குறைந்த உடம்புக்குச் சும்மா இருப்பதே எரிச்சல், கிளர்ச்சியைத் தேடிப் போகிறது. (தயவுசெய்து வகுப்பில் யாருடைய நாடியையும் எண்ணிப் பார்க்காதீர்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கும் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும். குறைந்த துடிப்புள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சாதுக்கள்.)

ஆனால் அந்தத் தீவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நாடியை அல்ல, சோற்றை. அதே குழந்தைகளை மூன்று வயதில் பரிசோதித்தபோது ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளங்களையும் குறித்து வைத்தார்கள். வாயோரப் புண், செம்பட்டையாகி மெலிந்த முடி, ரத்தச்சோகை. இவை இருந்த பிள்ளைகள் எட்டு, பதினொன்று, பதினேழு வயதுகளில் பார்த்த மூன்று முறையும் மற்றவர்களைவிட அதிகம் அடங்காதவர்களாக இருந்தார்கள். வறுமைதானே காரணம் என்பீர்கள். வறுமையைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு நின்றது. அப்புறம் அதே தீவில் ஒரு கூட்டம் குழந்தைகளுக்கு மூன்று வயது முதல் ஐந்து வயது வரை நல்ல சாப்பாடு, விளையாட்டு, நல்ல ஆசிரியர்கள் உள்ள பாலர் பள்ளி என்று கொடுத்துப் பார்த்தார்கள். பதினேழு வயதில் அவர்களிடம் நடத்தைப் பிரச்சினை குறைந்திருந்தது. இருபத்து மூன்று வயதில், தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதிகப் பலன் பெற்றவர்கள் மூன்று வயதில் சோகை பிடித்து மெலிந்திருந்தவர்கள்தான்.

மூளை ஸ்கேன் இத்தனை பேசவில்லை, ஆனால் ஒரு பயனுள்ள விஷயம் சொன்னது. வெளியில் பார்க்க ஒரே மாதிரி அடிக்கிற பிள்ளைகளுக்குள் இரண்டு விதம் இருக்கிறது. ஒரு விதம் சூடானது. அமிக்டலா என்ற, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதி, சின்னச் சீண்டலுக்கே பெரிதாகக் கொந்தளிக்கும். வரிசையில் பின்னால் நிற்பவன் தெரியாமல் இடித்தாலும் "வேணும்னே இடிச்சான்" என்றுதான் இந்தப் பிள்ளைக்குப் படும். அடித்துவிட்டுப் பிறகு அழவும் செய்வான். இன்னொரு விதம் குளிர்ந்தது. பயந்த முகத்தைப் படமாகக் காட்டினாலும் அமிக்டலா அசையாது. எதிரில் இருப்பவன் அழுவது உறைக்காது, காரியம் ஆக வேண்டும் என்று நிதானமாக அடிப்பான். இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையர்களைப் பார்த்த எஸ்ஸி வைடிங், இரண்டாம் விதத்தில் பரம்பரையின் பங்கு 81 சதவீதம், முதல் விதத்தில் 30 சதவீதம்தான் என்று 2005இல் கணக்கிட்டார். எண்ணைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. மேலே சொன்ன தத்துப் பிள்ளைகள் ஆய்வு, இந்தக் குளிர்ந்த விதத்தைப் பற்றியதுதான்.

ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் குழுவினர் இந்த இரண்டாம் விதப் பிள்ளைகள் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே குறைவு என்று கண்டார்கள். "கண்ணைப் பார்" என்று சொல்லிக் காட்டியபோது, பயந்த முகத்தை மற்றப் பிள்ளைகள் அளவுக்கே அடையாளம் கண்டார்கள். அதே குழு பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, தனியே உட்காரவைக்கும் தண்டனை இந்தப் பிள்ளைகளிடம் எடுபடவில்லை, பரிசும் பாராட்டும் எடுபட்டன. ஆக வகுப்பறைக்கு இதில் நேரடிச் செய்தி உண்டு. சூடான பிள்ளைக்கு அடியும் கத்தலும் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. குளிர்ந்த பிள்ளைக்கு அவை ஒன்றுமே இல்லை. இரண்டு பேருக்கும் பிரம்பு பயன்படாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுப்பதற்கு முன்பே உயிரியல் அதைக் கைவிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையன் எந்த விதம் என்று தெரிய ஸ்கேன் வேண்டாம். அடித்த பிறகு அவன் முகத்தைப் பாருங்கள், எப்போது அடிக்கிறான் என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் சூடான பக்கம்தான் எனக்குத் தோன்றுகிறது. பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழையும் தள்ளுமுள்ளிலும், மதியம் தட்டு கழுவும் குழாயடியிலும்தான் அவன் அதிகம் அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நெரிசலில் மேலே இடி படும் இடங்கள்.

கருவில் இருந்த காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். தாய் புகைபிடித்தால் பிள்ளை முரடனாகும் என்று பல வருஷம் சொல்லி வந்தார்கள். 2009இல் பிரிட்டனில் ஒரு கெட்டிக்காரத்தனமான ஆய்வு வந்தது. சோதனைக்குழாய் முறையில் பிறந்த பிள்ளைகளில், தாயின் சொந்தக் கருமுட்டையில் பிறந்தவர்களையும் தானமாகப் பெற்ற முட்டையில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். புகையால் பிறப்பு எடை குறைவது இரண்டு பேரிடமும் தெரிந்தது. முரட்டு நடத்தை மட்டும் சொந்த முட்டைப் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. அதாவது காரணம் புகை இல்லை, புகைக்கும் சுபாவத்தோடு சேர்ந்து வரும் பரம்பரை. உயிரியலில் காரணம், கூட வருவது என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் எஸ்டேட் அம்மாக்கள் புகைப்பது அபூர்வம், அது வேறு. மது அப்படியில்லை. கர்ப்பத்தில் குடித்தால் பிள்ளையின் மூளை பாதிக்கப்படுவது ஐயமில்லாமல் நிறுவப்பட்ட விஷயம்.

நீலகிரிக்காரர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்று மருந்தடிப்பு. கலிஃபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டக் கூலிகளின் குடும்பங்களைக் கர்ப்ப காலம் முதல் பின்தொடர்ந்த ஆய்வில், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து கர்ப்பத்தில் அதிகம் உடம்பில் ஏறிய அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கவனப் பிரச்சினை கூடுதலாகவும், ஏழு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாகவும் இருந்தன. கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களில் வயிற்றுப் பிள்ளையோடு வேலை செய்யும் பெண்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஈயம் பற்றி ஒரு வரி போதும். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்து, அதிகம் இருந்த பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் அதிகம் குறை சொன்னதைக் காட்டினார். பெயிண்ட் உரித்துத் தின்னும் பழக்கமோ, பழைய பேட்டரி உடைக்கும் தொழிலோ வீட்டருகே இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, எடுக்க வேண்டிய டெஸ்ட்கள்.

முதலில் ஹீமோகுளோபின். டோபமைன் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்த பிள்ளை எரிந்து விழும், கவனம் நிற்காது, தூக்கத்தில் கால் உதறும். இரும்புக் குறைவு ஒருவனை முரடனாக்கிவிடாது, ஆனால் ஏற்கனவே சட்டென்று கோபம் வருபவனுக்கு அதை இன்னும் கூட்டும். மலையில் ஒரு சிக்கல் உண்டு, லேப் ரிப்போர்ட்டில் அது இருக்காது. ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்பது கடல் மட்டத்து அளவு. உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு கூடுதல் ஹீமோகுளோபின் வைத்திருக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு 0.8 கிராம் கூட்டிப் பார்க்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டி, 2024இல் வந்த புதியது இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே 11.8 வந்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சோகைதான்.

இன்னொரு உள்ளூர் விஷயம், தேத்தண்ணி. காலையில் ரொட்டியோடும், மதியம் சோற்றுக்கு மேலேயும் பால் ஊற்றாத தேத்தண்ணி குடிப்பது லயன் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில் சகஜம். பிள்ளைகளுக்கும் டம்ளரில் ஊற்றித் தருவார்கள், குளிருக்கு இதம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேயிலை விளையும் ஊரில் தேத்தண்ணியை நிறுத்து என்றால் சிரிப்பார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னால் கேட்பார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் அந்த இளஞ்சிவப்பு இரும்பு மாத்திரையை அவன் விழுங்குகிறானா, ஜன்னல் வழியே எறிகிறானா என்றும் ஒரு கண் வையுங்கள்.

அப்புறம் காது. சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்த பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதில் பாதி கேட்காது. "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்பது சில நேரம் அப்படியே உண்மையாக இருக்கும். மழைக்காலத்தில் நான் பார்க்கும் 'அடங்காத' பிள்ளைகளில் காதுப் பிரச்சினைக்காரர்கள் கணிசம். கண் பரிசோதனையும் கூடவே. தூக்கம்: வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்று பாட்டியைக் கேளுங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி மூச்சு தடைப்படும் பிள்ளைகள் பகலில் தூங்கி வழிய மாட்டார்கள், துள்ளிக் குதித்துச் சண்டை போடுவார்கள். நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறானா என்று நீங்கள் கவனியுங்கள், அது ஒரு வகை வலிப்பு. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளையாக இருந்தால் அரிவாள் செல் சோகை டெஸ்டையும் சேர்ப்பேன். 1952லேயே நீலகிரிப் பழங்குடிகளிடம் அது கண்டறியப்பட்டது. அந்த நோயில் வெளியே தெரியாத சின்னச் சின்ன மூளை அடைப்புகள் ஏற்பட்டு, கவனமும் நிதானமும் குறையும். அதைப் பார்க்காமல் 'சோம்பேறி', 'முரடன்' என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வழி உங்கள் பள்ளி வாசலுக்கே வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013 முதல் நடக்கும் அரசுத் திட்டம், 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், அதைச் சொல்லிப் பேசி, ஊட்டிக்கு ஒரே பயணத்தில் எல்லாம் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றே வரலாம். அப்போதும் செய்ய வேண்டியது உண்டு. இந்தத் துறையிலேயே அதிகம் சோதித்து நிரூபிக்கப்பட்டதும் அதுதான். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்குள் ஆட்களை உட்காரவைத்து, தாயும் பிள்ளையும் பேசுவதை நொடிக்கு நொடி குறித்தார். அவர் கண்ட வலை எந்த லயன் வீட்டிலும் இருக்கும். அம்மா சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறார், முதுகு விண்ணென்று வலிக்கிறது. பையன் போன் கேட்கிறான். மாட்டேன் என்கிறார். கத்துகிறான். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று "தொலை" எனக் கொடுத்துவிடுகிறார். அமைதி. கத்தினால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான், கொடுத்தால் அடங்குவான் என்று அம்மா கற்றுக்கொண்டார். இன்னொரு நாள் கொடுக்காமல் ஓங்கி ஒன்று வைக்கிறார், அதற்கும் அமைதி. பலமாக அடிப்பவர் ஜெயிப்பார் என்ற பாடமும் சேர்ந்துகொண்டது. இதை வகுப்புக்குக் கொண்டு வருகிறான்.

பெற்றோர் பயிற்சி என்பது இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான். தினம் பத்து நிமிஷம் பிள்ளை சொல்கிறபடி அவனோடு விளையாடுவது. நல்லது செய்யும்போது அப்போதே, எது நல்லது என்று பெயர் சொல்லிப் பாராட்டுவது. கட்டளை குறைவாக, ஒரே ஒரு முறை, நிதானமாக. மறுத்தது மறுத்ததுதான், கத்தலுக்கு மசியக் கூடாது. மசியாத முதல் சில நாள் கத்தல் கூடும், அதையும் முன்பே சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் பயிற்சி போய்ச் சேர வேண்டியது பாட்டியிடம். "அப்பன் ரத்தம்" என்று அவன் காதுபடச் சொல்வதை நிறுத்துவது முதல் பாடம். ஒன்பது வயதுப் பையனுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

மாத்திரை? ஏ.டி.எச்.டி. உறுதியானால் மீத்தைல்ஃபெனிடேட் உதவும், அப்போது சண்டையும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். கடுமையான ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோனைக் கொஞ்ச காலம் கொடுப்பதுண்டு, எடை ஏறும், கண்காணிப்பு வேண்டும். இரண்டையும் மனநல மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். பிள்ளையைப் பார்க்காமல் போனில் மருந்து சொல்பவரை நம்ப வேண்டாம். பேசி வழி கேட்க மட்டும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக டி.சி. விஷயம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தேர்ச்சி பற்றி அதில் 2019இல் செய்த திருத்தம் இதைத் தொடவில்லை. தலைமை ஆசிரியருக்கு இதைச் சொல்லும்போது, சட்டத்தோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி: எத்தனை மணி, எங்கே, அதற்கு முன் நிமிஷம் என்ன நடந்தது, யார் பக்கத்தில், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. காலையில் சாப்பிட்டானா என்பதும். ஆர்.பி.எஸ்.கே. குழு வரும்போது அதே நோட்டைக் கொடுங்கள். மையத்தில் உள்ள டாக்டருக்கு எந்த ஸ்கேனைவிடவும் அதுதான் அதிகம் உதவும்.